ஒயின்ஷாப்பில் இல்லாத ஒயின்

எங்கள் பக்கம் பிராந்தி விற்கும் கடைக்கு ஒயின்ஷாப் என்று பெயர். அங்கே ஒயின் பெயரில் மட்டும்தான் இருக்கும். இந்த ஒரு சொல்லால் ஓசூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடே பறிபோகப் பார்த்தது.

எல்லை தாண்டி, கர்நாடகப் பக்கம் ஒரு ஒயின் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஒயினை முகர்ந்து, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, தெரிந்ததை எழுத வேண்டும். விழுங்கினால் நான்கைந்து கிளாஸுக்கு மேல் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். ஒரு வருடம் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினை ஓக் மரப் பீப்பாயில் இன்னும் சில மாதம் வைக்கலாம் என்றார்கள் மேலே இருப்பவர்கள். பழவாசனையை மரவாசனை தின்றுவிடும், இப்போதே எடுங்கள் என்று மல்லுக்கு நின்றேன். என் பேச்சு எடுபட்டது. பாதி பழுத்த கிளிமூக்கு மாங்காயை நறுக்கியதும் வருமே, அந்த வாசனை. பின்னால் லேசாக வெண்ணெய். கடைசியில் பல் கூசாத ஒரு புளிப்பு. அதில் ஒரு பாட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். கல்யாண நாளுக்கென்று ஃபிரிட்ஜில் வைத்தேன்.

குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்த வீட்டுக்காரருக்குத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். பாட்டிலைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? கம்பெனி வேலைன்னுதானே சொன்னீங்க?"

"ஒயின் கம்பெனிங்க. லேப்ல இருக்கேன்."

"ஒயின்ஷாப்ல வேலை செய்யற பொம்பளைக்கு வீடு குடுக்க முடியாதும்மா. நாலு குடும்பம் இருக்கற எடம். மாசக் கடைசில காலி பண்ணிக்குங்க."

ஒயின்ஷாப் வேறு, ஒயின் வேறு என்றேன். துப்பிவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. கீழே போய் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார், பக்கத்து வீட்டில் கன்னடத்தில் சொன்னார். மூன்று மொழியிலும் என் மானம் போயிற்று. சொன்னது யார்? சனிக்கிழமை தவறாமல் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய், பாட்டில்களால் பை கனக்கத் திரும்புகிற மனிதர்! மகளின் பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. வருடத்தின் நடுவில் அவளை இழுத்துக்கொண்டு எங்கே போவது?

சாயங்காலம் என் கணவர் அவரை மேலே அழைத்துவந்து, என்னைக் கேட்காமலே பாட்டிலைத் திறந்தார். "குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா."

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். வீட்டுக்காரர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கஷாயம் மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சோடா இருக்குதா?"

இல்லை என்றேன். ஃபிரிட்ஜில் இருந்தது.

"புளிச்சுப்போன ஜூஸ் மாதிரி இருக்குது. கிக்கே இல்லியே! இதப் போயி சரக்குன்னு நெனச்சுட்டேன் பாருங்க. நீங்க பாட்டுக்கு இருங்கம்மா."

வீடு தப்பிவிட்டதே, அப்புறம் என்ன என்றார் கணவர். எனக்கு வயிறு எரிந்தது. ஒயின்ஷாப் பொம்பளை என்று சொன்னபோதுகூட இவ்வளவு எரியவில்லை.

மறுநாள் காலை கம்பெனி வேனுக்கு நின்றிருந்தேன். வீட்டுக்காரரின் மனைவி எதிர்வீட்டுப் பெண்ணிடம், "இவங்க ஜூஸ் கம்பெனில இருக்காங்க" என்றார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஆமாங்க்கா" என்றேன்.