இருவாச்சி தினமும் திரும்பி வருகிறது

பதினோரு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறக்காமல் இருந்தேன். நேற்று, வெள்ளிக்கிழமை, என் மகள் நிலா ஒரு சார்ட் பேப்பரை வைத்து என்னைப் பேச வைத்துவிட்டாள்.

ஆறாம் வகுப்பு புராஜெக்ட். கடலில் வாழும் பாலூட்டி ஒன்று, மழைக்காட்டுப் பறவை ஒன்று – இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டும். கடல்பசுவை எடுத்தாள். மணமேல்குடிப் பக்கத்துக் கடலில் இருக்கிறதாம், நம்ம ஊர்க்காரி! பறவைக்கு இருவாச்சி. அலகு வரைய அழகாக இருக்குமாம்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் என் கணவருக்கு லீவு. சாயங்காலமானால் அறந்தாங்கியில் எங்களுக்கு வீடியோ கால். தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, அவர் அங்கேயும் நாங்கள் இங்கேயுமாகச் சேர்ந்து டீ குடிப்போம்.

நிலா சார்ட்டைப் போனுக்கு நேராகப் பிடித்து வாசித்தாள்.

"பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிரும்ப்பா. சின்ன இடுக்குதான் இருக்கும். அது வழியா ஆண் பறவை பழம் கொண்டாந்து ஊட்டும்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. "அப்ப நான் இருவாச்சின்னு சொல்லு!"

"கடல்பசுக் குட்டிய அம்மாதான் பாத்துக்கும். அப்பா..." என்று நிறுத்தினாள். சார்ட்டில் அப்பாவுக்கான கட்டத்தில் 'வெளிநாடு' என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்டி, கடல்பசு எந்த வெளிநாட்டுக்குடி போகும்?"

"அப்பா கூட இருக்காதுன்னு மிஸ் சொன்னாங்க. கூட இல்லேன்னா வெளிநாடுதானம்மா? எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு அப்படித்தான்."

போனுக்குள் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. எங்கள் பக்கமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கம்பெனியில் கையெழுத்துப் போட வேண்டும் – இன்னும் இரண்டு வருஷத்துக்கு. போடட்டுமா என்று முன்னாலேயே கேட்டிருந்தார். நான் என்ன சொன்னேன்? "ஒங்க இஷ்டம்." ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னால் நல்ல பெண்டாட்டி என்று பேர் வரும்... ஆள் வர மாட்டார்.

யோசித்துப் பாருங்கள். இருவாச்சியின் வாசலை அடைப்பது யார்? உள்ளே இருப்பவளேதான்!

"என்ன, சத்தத்தக் காணோம்?" என்றார்.

"அந்தப் பறவை பழத்தக் குடுத்துட்டுப் போனா, அன்னைக்கே திரும்பி வருதுங்க" என்றேன். "எனக்கு இஷ்டமில்ல. கையெழுத்துப் போடாதீங்க. வந்துருங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாப்போம்" என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் ஆண்களின் இந்தப் 'பாப்போம்' இருக்கிறதே... அதில் சரியும் உண்டு, இல்லையும் உண்டு. எனக்கோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுமே பேசாமல் ஒரு டீ குடிக்க வேண்டும். அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஞாயிறு முடிந்திருக்கும். நான் இன்னும் சனிக்கிழமையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.