கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தடவை சீனி வருத்தக்காரருக்கு, அதுதான் நீரிழிவுக்காரருக்கு, கிளினிக் நடக்கும். விடியவே வெறும் வயிற்றோடு போய் சீனி பார்க்க இரத்தம் கொடுத்துவிட்டு நீள மர வாங்கில் குந்திக் காத்திருக்க வேண்டும். பிறகு தாதிப் பிள்ளை ஒவ்வொருவருடைய கொப்பியாகத் திறந்து இலக்கத்தை உரத்து வாசிப்பார். கூடியிருந்தால் அந்த இடத்திலேயே ஏச்சு விழும். எனக்கு ஒருநாளும் ஏச்சு விழுந்ததில்லை.

"இந்த அம்மாவைப் பாருங்கோ. இந்த வயசிலை எவ்வளவு கட்டுப்பாடு! நீங்களும் இருக்கிறியளே" என்று அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லுவார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். டாக்குத்தர் கொப்பியில் எழுதுவது ஒன்றும் எனக்கு விளங்காது. இலக்கம் மட்டும் விளங்கும். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத கெட்டிக்காரிப் பட்டம் கிழவியான பிறகு கிடைத்தது. அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அது எப்படிக் கிடைத்தது என்பதை இப்போதுதான் எழுதுகிறேன். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாளும் நான் சோறு தொட மாட்டேன். வெறும் தேத்தண்ணியும் பாவற்காய் அவித்த தண்ணியும்தான். தலை சுற்றும், கை நடுங்கும். வீட்டில் கேட்டால் அம்மனுக்கு விரதம் என்பேன். விரதம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு வைத்து, படைத்த வாழைப்பழத்தை வேலிக்கு மேலால் மச்சாளுக்குக் கொடுப்பேன். கிளினிக் முடிந்த கையோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எண்ணெயில் பொரித்த இரண்டு இனிப்பு வாய்ப்பனும் சீனி தூக்கலாகப் போட்ட பால் தேத்தண்ணியும். பிறகு அடுத்த கிளினிக் நெருங்கும் வரைக்கும் எனக்கு வருத்தமே இல்லை.

மச்சாள் என்றது என் கணவரின் தங்கச்சி. பக்கத்து வளவில் இருக்கிறாள். அவளுக்கும் சீனி. என்ன செய்தும் இறங்காது, ஒவ்வொரு மாதமும் ஏச்சு வாங்குவாள். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது கேட்டாள்.

"மச்சாள், சாமி சத்தியமாச் சொல்லுங்கோ. என்னத்தைத்தான் சாப்பிடுறியள்?"

"என்னத்தை? உன்னைப் போலை சோறும் மீன்குழம்பும்தான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இறங்குதில்லை?"

"நீ வீட்டுக்குள்ளையும் செருப்போடை திரியிறாய். நான் கடற்கரையிலை வெறுங்காலோடை நடக்கிறன். மண் எல்லாத்தையும் உறிஞ்சிப் போடும்."

மண் கதையும் என்னுடையதல்ல. எனக்கு வாசிப்புக் குறைவு என்று சொந்தக்காரர் போனில் குரல் செய்திகளாக அனுப்புவார்கள். அதில் ஒரு ஆம்பிளைக் குரல், டாக்குத்தர் மாதிரித்தான் கதைத்தது, வெறுங்காலோடு மண்ணில் நடந்தால் வருத்தம் இறங்கும் என்றது. யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பிடித்ததைச் சொன்னது, அது போதுமாக இருந்தது.

அந்த மாதமே சனசமூக நிலையத்தில் சுகாதாரக் கூட்டம் வைத்தார்கள். பேச வந்த சுகாதாரப் பகுதிப் பிள்ளை, சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, காலில் ஏதும் குத்தினாலும் தெரியாது என்று படம் காட்டி விளக்கினாள். நான் எழும்பினேன்.

"பிள்ளை, உன்ரை வயசை விட என்ரை காலுக்கு வயசு கூட. வலை காயிற இடத்திலை செருப்போடை போனால் வலைக்காரன் என்ரை காலை முறிச்சுப் போடுவான். பிறகு சீனி இருந்தென்ன, இல்லாட்டில் என்ன?"

கூட்டம் சிரித்தது. அந்தப் பிள்ளையின் முகம் சிவந்து போனது. வலையைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அது உண்மைதான். ஆனால் வலையைச் சுற்றிப் போக ரோட்டு இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியவே மச்சாள் செருப்பை வேலியில் செருகிவிட்டு என்னோடு வந்தாள். இரண்டு மாதம் நடந்தோம். அவள் சோற்றையும் குறைக்கவில்லை, நான் குறைக்கவில்லை என்று நம்பினபடியால்.

ஒருநாள் அவளுடைய மகள் ஓடி வந்தாள். "மாமி, அம்மா நடந்த இடமெல்லாம் ரத்தமும் சீழும். அம்மாவுக்குத் தெரியேல்லை." பார்த்தால், வலையில் இருந்து கழித்து எறிந்த கெளிற்று மீனின் முள் பெருவிரலுக்குக் கீழே முறிந்து போய்க் கிடந்தது. எத்தனை நாளாய் என்று அவளுக்கே தெரியாது. நோகவில்லையாம். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். சீழ் இன்னும் மேலே ஏறினால் கால் போகும் என்றார்கள்.

வார்ட்டில் மச்சாளைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரிக்கு என்னைக் காட்டிச் சொல்கிறாள்: "இவதான் என்ரை மச்சாள். எல்லாம் சாப்பிட்டுக்கொண்டு சீனியை அப்பிடி வச்சிருக்கிறா. நான்தான் குடுத்து வைக்கேல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, "இது காயட்டும், திரும்ப நடக்க வாறன், மச்சாள். விட்டிட்டுப் போயிடாதையுங்கோ" என்றாள்.

கொண்டு போன கஞ்சிப் போத்தலைக் கையில் வைத்தபடியே நின்றேன். திரும்ப வருவாளாம். மிச்சக் காலோடு. சொல்லாமல் வெளியே போக வழி இருக்கவில்லை. பட்டினி, வாய்ப்பன், போனில் வந்த குரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து காலில் போட்டிருந்த கட்டைத் தடவினாள்.

"அப்ப அம்மனுக்கு விரதம் எண்டது?"

"கிளினிக்குக்கு."

"அந்த வாழைப்பழத்தை நான் கண்ணிலை ஒத்தியெல்லோ திண்டனான்."

கஞ்சிப் போத்தலை அவளுடைய கட்டிலருகில் வைத்தேன்.

"எனக்கு மட்டும் சொன்னது காணாது" என்றாள். "அந்த வாங்கிலை போய்ச் சொல்லுங்கோ. நானும் அங்கை இருந்துதான் ஏச்சு வாங்கினனான்."

அடுத்த கிளினிக்குக்கு முந்திய மூன்று நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டேன். கிளினிக் அன்று காலையில் செருப்போடு போனேன். தாதிப் பிள்ளை என் கொப்பியைத் திறந்தார். இலக்கத்தை வாசிக்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் வாசித்தார். மச்சாளுக்கு வழக்கமாக வருவதை விடக் கூடுதல்.

"என்னம்மா நடந்தது இந்த முறை?"

"இதுதான் பிள்ளை சரியான இலக்கம். முந்தினதெல்லாம் பட்டினி கிடந்து எடுத்தது. சோறு திண்டால் ஒண்டும் செய்யாது எண்டதும், வெறுங்காலோடை நடந்தால் இறங்கும் எண்டதும் நான் சொன்ன பொய். என்ரை மச்சாளின்ரை விரல் போனது அதாலைதான்."

வாங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏச்சு விழும் என்று குனிந்து நின்றேன். அதுவும் விழவில்லை.

வாங்கின் கடைசியில் இருந்த ஒரு மனுசி, எனக்கு முகம் மட்டும் தெரிந்தவர், கதைத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை, சேலையை ஒதுக்கி, செருப்பில்லாத காலைத் தூக்கி மடியில் வைத்து, தன்னுடைய உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.