பெரிய மாமாவின் சைக்கிளும் தோல் பிளக்கிற மெசினும்

மூடியிருந்த சாக்கை இழுத்து எடுத்ததும் பழைய கிரீசும் துருவும் பதப்படுத்திய தோலும் கலந்த ஒரு மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. வண்டிலைச் சுற்றி நின்ற அயலட்டைச் சனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் பலாப்பழம் வெட்டிய வீட்டுக்குள் நுழைந்தவள்போல இழுத்து இழுத்து முகர்ந்தேன். நெல்லியடியிலிருந்து அச்சுவேலிவரை மாட்டு வண்டிலில் வைக்கோலின்மேல் படுத்துக்கொண்டு வந்த அந்த இரும்பு மெசின் இனி எங்களுடையது என்பதை நம்பவே முடியவில்லை.

மெசின் சின்னம்மாவுக்குத்தான். அம்மாவின் தங்கையான அவர், வீட்டின் பின்னே சாய்ப்பு இறக்கிய 'பத்தி'யில் இருந்து தோல் பைகள் தைப்பார். சண்டைக்காலப் பொருளாதாரத் தடையால் கொழும்பிலிருந்து பை எதுவும் வராத காலம் அது. தைத்துக் கொடுத்தால் வாங்கக் கடைகள் காத்திருந்தன. ஆனால் கிடைத்த மாட்டுத்தோலோ செருப்பின் அடிக்குத்தான் உதவும், அவ்வளவு தடிப்பு. அதைக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்குவதற்குள் சின்னம்மாவின் உள்ளங்கை கொப்பளித்துவிடும். தடித்த தோலை ஒரு பக்கத்தால் கொடுத்தால் மறுபக்கம் இரண்டு மெல்லிய தோல்களாகப் பிளந்து தரும் மெசின் ஒன்றை, நெல்லியடியில் செருப்புக் கடையை மூடிக்கொண்டு போகும் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று அவர் சோறே சாப்பிடவில்லை. கடைக்காரர் தன் மகளுக்கு ஒரு லேடீஸ் சைக்கிள் கிடைத்தால் போதும் என்றார். சின்னம்மா தன் சைக்கிளைக் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டுப் பெரிய மாமா கொதித்துப்போனார். சின்னம்மாவின் மூத்த அண்ணன். நெற்றி நிறைய விபூதி பூசி, மரக்கறி தவிர வேறெதையும் தொடாத மனிதர். "மாட்டுத்தோல் வளவுக்குள்ளை வந்தால் லட்சுமி படலையாலை வெளியிலை போயிடுவா" என்பது அவர் தினமும் சொல்லும் தேவாரம். அன்று அதற்குமேலும் ஒன்று சொன்னார். "உது ஓடாட்டில் பத்தியைப் பூட்டிப்போட்டு, தோலையும் இரும்பையும் வெளியிலை எறிஞ்சுபோடு." சின்னம்மாவும் ரோசக்காரி. "ஓம் அண்ணை, ஓடாட்டில் பூட்டுறன்" என்று சொல்லிவிட்டார்.

மெசினுக்கு மோட்டார் இருந்தது, ஊரில் கறண்ட் இல்லை. அது எங்களுக்குத் தெரியாததல்ல. "கையாலையும் சுத்தலாம்" என்று கடைக்காரர் சொன்னார். சுற்றிக் காட்டியும் விட்டார், சில்லு பம்பரமாகச் சுழன்றது. தோல் ஒரு துண்டை உள்ளே விட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற புத்தி எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்து துருவைச் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசி, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டுத் தோலைக் கொடுத்தால், சில்லு அசைய மறுத்தது. நானும் அம்மாவும் சின்னம்மாவும் சேர்ந்து தொங்கினோம். கை நொந்ததுதான் மிச்சம். பெரிய மாமா பத்திப் பூட்டைத் தேடத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை வழக்கம்போல அவர் தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தி கேட்டார்கள். செய்தியைக் கேட்காமல் சுழலும் சில்லையே பார்த்துக்கொண்டிருந்த சின்னம்மா திடீரென்று எழும்பினார். பின் சில்லின் ரயரைக் கழற்றி, சில்லுக்கும் மெசினுக்கும் ஒரு தோல் பட்டியை மாட்டிவிட்டு, ஸ்ராண்டில் நிறுத்தி ஏறி மிதித்தால்? சைக்கிளைக் கொடுத்து வாங்கிய மெசினுக்குச் சைக்கிள்தான் வேண்டியிருந்தது!

"என்ரை சைக்கிளிலை தோல் முட்டக் கூடாது" என்றார் பெரிய மாமா.

"இத்தனை வருசமா எதிலை குந்தி இருக்கிறியள் அண்ணை? உங்கடை சீற் என்ன வாழைநாரோ?"

பெரிய மாமா சீற்றைப் பார்த்தார். தினமும் எண்ணெய் பூசி மினுக்கிய, அசல் மாட்டுத்தோல் சீற். அம்மா சிரிப்பை அடக்கமாட்டாமல் குசினிக்குள் ஓடிவிட்டார். கடைசியில் பெரிய மாமா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "என்ரை சைக்கிளிலை வேறை ஆரும் ஏறக் கூடாது. நான்தான் மிதிப்பன்."

மறுநாள் காலை வேட்டியை மடித்துக் கட்டி, தோலைக் கண்ணால் காணக் கூடாதென்று சைக்கிளைச் சுவர் பக்கமாகத் திருப்பி நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினார். தோட்டத்துக்குப் போகும் அதே நிதானத்தில் மிதித்தார். பட்டி இழுத்தது, உருளைகள் உறுமின, சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு தோலை உள்ளே விட்டார். மறுபக்கம் நின்ற என் கைக்குள் மேல்தோல் வழுவழுவென்றும் அடித்தோல் வெல்வெட்போலவும் இரண்டாகப் பிரிந்து வரத் தொடங்கின.

"வருதோ பிள்ளை?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"வருது மாமா!"

"இரண்டும் வருதோ?"

"இரண்டும் வருது! வந்து பாருங்கோ!"

அவரால் பொறுக்க முடியவில்லை. மிதித்தபடியே கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தவர் திரும்பச் சுவரைப் பார்க்கவேயில்லை. அந்த வருடம் முழுக்கச் சின்னம்மாவின் பைகள் நெல்லியடிக் கடைகளில் தொங்கின. நான் உரப்பையை எறிந்துவிட்டுத் தோல் பையோடு பள்ளிக்கூடம் போனேன். வழியில் கண்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், "எங்கடை மெசினிலை பிளந்தது" என்று சொன்னேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே இடம்பெயர்ந்தபோது மெசினைத் தூக்க வழியில்லை. சின்னம்மா அதைத் தொட்டபடி நின்றார். பெரிய மாமாதான் நட்டுக் கழற்றும் சாவியை எடுத்துப் பூட்டாணிகளைக் கழற்றி, மெசினுக்குள் இருந்த தோல் பிளக்கும் கத்தியை மட்டும் தன் சால்வையில் சுற்றி, சைக்கிள் கரியரில் சுவாமிப் படத்தோடு சேர்த்துக் கட்டினார். "இரும்பு எங்கையும் எடுக்கலாம், இந்தக் கத்திக்கு எங்கை போறது?"

திரும்பி வந்தபோது பத்திக்குக் கூரையில்லை, மெசின் நின்ற இடத்தில் எருக்கலைச் செடி. இப்போது சைக்கிளும் இல்லை, பெரிய மாமாவும் இல்லை. கத்தி இருக்கிறது. சரஸ்வதி பூசைக்குச் சின்னம்மா அதை மினுக்கிப் படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பார். வைத்துவிட்டு வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். தோல் அறுத்த கத்தி சுவாமியறைக்குள் வரலாமோ என்று சண்டைக்கு வர, வீட்டில் ஒருவரும் இல்லை.