செவலையின் கருமுட்டைகள்

ஓசூரில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. பசுவின் கருமுட்டையை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறொரு பசுவின் வயிற்றில் வைக்கக் கொடுப்போம். அதில் என் பங்கு, முட்டைகளைக் காக்க வைப்பது. சினைப்பையை விட்டு வெளியே வந்ததும் முட்டை தானாகவே முதிரத் தொடங்கிவிடும். உள்ளே இருக்க வேண்டிய சத்து அதற்குள் தயாராகியிருக்காது. மருந்துநீரில் இட்டுச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால்தான் உள்ளும் புறமும் சேர்ந்து முதிரும்.

இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர் கெலமங்கலத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அக்காதான். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம்.

"பிஞ்சுல பழுத்தா வெம்பிப் போவும்னு சொல்லு. இதுக்கு எதுக்கு இவ்ளோ இங்கிலீசு?" என்றார். மறுநாளே, "உனக்கும் அந்த மருந்த ஊத்திட்டாங்களா கண்ணு? கல்யாணப் பேச்சையே காணோம்" என்று கேலி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாலையில் அவர் பால் கொண்டுவரும் வரைதான் அது தாங்கியது.

பால் செவலையுடையது. அக்காவின் கல்யாணத்துக்கு அவர் அம்மா ஓட்டிவிட்ட பசுவின் பேத்தி அது. ஈன்றதெல்லாம் காளைக் கன்று, விற்றாயிற்று. அந்த வழியில் மிஞ்சியது செவலை ஒன்றுதான்.

போன ஆண்டு, ஷிப்டு ஆட்களை ஏற்றிவந்த ஒரு கம்பெனி பஸ் சாலையோரம் மேய்ந்த செவலையை இடித்துவிட்டது. நான் வேலையில் இருந்தேன். மதியம் வாசலில் யாரோ காத்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அக்கா, தடுப்பூசி மருந்து கொண்டுவரும் நீலநிற ஐஸ் பெட்டியோடு நிற்கிறார். மாட்டு டாக்டரிடம் கெஞ்சி, செத்த பசுவின் சினைப்பைகளை அறுத்து வாங்கியிருக்கிறார்.

"டாக்டரு பையில போட்டுக் குடுத்துட்டு அவசரமா போயிட்டாரு. ஊசி மருந்தெல்லாம் ஐஸ்லதானே வெப்பாங்க? நானே பார்த்துப் பண்ணிட்டேன். வழியில எறங்கிப் புது ஐஸ் வாங்கிப் போட்டேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு பொட்டைக் கன்னு போதும் கண்ணு. எங்கம்மா குடுத்தது என்னோட முடியக்கூடாது."

பெட்டியைத் திறந்தேன். கல்லாகக் குளிர்ந்திருந்தன. சினைப்பையை வெதுவெதுப்பாகத்தான் கொண்டுவர வேண்டும். ஐஸில் கிடந்த முட்டை பிழைப்பது அரிது. அந்த பஸ் டிரைவரை, அவசரமாகப் போன டாக்டரை, மாடு மேய இடம் விடாத சாலையை, எல்லாரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். அக்காவிடம், "பார்க்கிறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

கிடைத்த முட்டைகளை மருந்துநீரில் நிறுத்தினேன். "அவசரப்படாதீங்க. ஆற அமரத் தேறி வாங்க" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். பிறகு முதிரவிட்டு, விந்து சேர்த்தேன்.

தினமும் மாலையில் வீட்டு வாசலிலேயே அக்கா நிற்பார். "கரு கட்டிருச்சா?"

"நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா." நிறுத்திய நேரம் முதல் நாளே முடிந்திருந்தும் இதையே சொல்லிவந்தேன்.

"நிறுத்து, நிறுத்து. வெம்பிடக் கூடாது."

ஒரே ஒரு முட்டை மட்டும் இரண்டாகப் பிரிந்தது. அதோடு அதுவும் நின்றுவிட்டது. மற்றவற்றில் அசைவே இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வீடு திரும்பிய அன்றும் அக்கா கேட்டார். நானும் "நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா" என்றே சொன்னேன். சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அக்கா காலிக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தைக் கீழே போடவில்லை. கூட்டுவதை மட்டும் நிறுத்தினார்.

"நான் கொண்டாந்ததுல ஏதாச்சும் கொறையா கண்ணு?"

ஐஸ்தான் கெடுத்தது என்று சொன்னால், செவலையைத்தான் பஸ் கொன்றது, அதன் வழியை அழித்தது நான்தான் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

"இல்லக்கா. அடிபட்டப்பவே எல்லாம் போயிருச்சு."

"அதானே பார்த்தேன்" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு நிம்மதி. "பெட்டிய மடியவிட்டு எறக்கவே இல்ல. தொடையே மரத்துப் போச்சு. ஒரு துண்டு ஐஸ்கூட கரைய விடலையே கண்ணு நான்."