கடலைப் பார்த்த அறை

தொண்ணூற்றாறில், கடலே பார்த்திராத என் மனைவியைக் கோவையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. கடலைப் பார்த்த அறையா, பின்னறையா என்று மேனேஜர் கேட்டார்.

“எது வேணும் அம்மணி?” என்றேன்.

“எதுன்னாலுஞ் செரிங்க.”

அவளுக்கு இருமல். உப்புக்காற்று ஆகாதென்று பின்னறையை எடுத்தேன். விடியும்போது காய்ச்சலில் அவளால் கண்ணே திறக்க முடியவில்லை. அப்படியே ஊர் திரும்பினோம். பத்தாம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் அவள் தங்கச்சி சொன்னாள்: “படுத்துக்கிட்டே கடலப் பாக்கோணும்னு அக்காளுக்கு அத்தன ஆசைங்க மாமா. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

எங்கள் பக்கத்துப் பெண்கள் எதையும் நேராகக் கேட்கமாட்டார்கள். அது தெரிந்தும் நான் இன்னொரு தரம் கேட்கவில்லை.

அன்று லாட்ஜைவிட்டுக் கிளம்பும்போது, அவளைத் தாங்கிக்கொண்டு கடலைப் பார்த்த அந்த அறையைத் தாண்டித்தான் வந்தேன். கதவு சாத்தியிருந்தது. இன்றைக்கும் அந்தக் கதவு கண்ணில் நிற்கிறது.