மார்க்கெட் தெருவின் ‘முன்’ படம்

எங்கள் கடைவீதியில் அவனுக்குப் பெயர் பளிச்சு. என் அச்சகத்துக்கு அடுத்த கடையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண வீட்டில் உர்ரென்று உட்கார்ந்திருக்கும் சம்பந்தியைக்கூடப் படத்தில் பளிச்சென்று காட்டிவிடுவான். அவன் எடுத்த என் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்து என் மனைவியே “யாருங்க இவரு?” என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெருத்து நகராட்சி ஆனதும் அவனுக்கு ஒரு புது வேலை வந்தது. வருடம் முடிந்தால் நகராட்சி ஒரு முன்னேற்ற அறிக்கை போடும். புதுக் குடிநீர்க் குழாய், சூரிய சக்தி விளக்கு, குப்பையை உரமாக்கும் கொட்டகை, நட்ட மரக்கன்று என்று எல்லாவற்றுக்கும் ‘முன்’ என்று ஒரு படம், ‘பின்’ என்று ஒரு படம். எடுப்பது அவன், அச்சடிப்பது நான். சும்மா சொல்லக்கூடாது, வேலைகள் நிஜமாகவே நடந்தன. ஊர் எல்லையில் எப்போதும் புகைந்துகொண்டிருந்த குப்பைமேடு அணைந்தது. என் மகனுக்கு இருமல் நின்றது. நகராட்சியைத் திட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த நான்கூடக் கொஞ்சம் அடங்கிப்போனேன்.

ஆனால் பளிச்சின் அக்கா இருக்கும் சந்துக்கு மட்டும் எந்த வருடமும் முறை வரவில்லை. அவனுக்கு எல்லாமே அந்த அக்காதான். அப்பா அம்மா போனபிறகு தையல் மெஷினை மிதித்து அவனை ஆளாக்கியவள். அவள் வாசலில் சாக்கடைத் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி நிற்கும். தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் செங்கல் மேல் கால்வைத்துத் தாண்டி வரவேண்டும். ஒருமுறை பள்ளிச் சீருடை மூட்டையோடு அவளே வழுக்கி விழுந்தாள். கை வீங்கியதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை, தைத்துத் தேய்த்த அத்தனையையும் திரும்பத் துவைக்க வேண்டியிருந்ததுதான் ஆத்திரம்.

“நகராட்சியில உனக்குத் தெரியாதவங்க யாரு? ஒரு வார்த்தை சொல்லேன்டா” என்பாள்.

“சொல்றேன்க்கா” என்பான். சொல்லமாட்டான். படியளக்கிறவர்களிடம் போய்ச் சொந்த வேலை கேட்க அவனுக்குக் கூச்சம்.

போன வருடம் மார்க்கெட் தெருவில் மூடிய வடிகால் கட்டினார்கள். நல்ல வேலை. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக இறங்கியதில் ‘முன்’ படம் எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அறிக்கை அச்சுக்குப் போகிற நேரத்தில் என்ஜினியர் தலையைச் சொறிந்தார். “போட்டோக்காரரே, தேங்கின சாக்கடை எங்க இருந்தா என்ன, எல்லாம் ஒரே மாதிரிதான். எங்கயாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்க. யாரு பார்க்கப்போறா?”

பளிச்சு நேராக அக்கா சந்துக்குப் போனான். இந்த இடத்தில்தான் எனக்கு அவன்மேல் கோபம், இன்றைக்கும்.

அக்காவுக்கு என்ன தெரியும்? தம்பி ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டான், ஆபீஸில் காட்டத்தான் படம் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். குறுக்கே நின்ற சைக்கிளை நகர்த்தினாள். கொடியில் கிடந்த துணியை அள்ளினாள். “இந்தப் பக்கம் இன்னும் மோசமா இருக்குடா, இதையும் எடு” என்று ஓடி ஓடிக் காட்டினாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவனும் வாங்கிக் குடித்தான். மறுநாள் சந்து முழுக்க இதே பேச்சு: “என் தம்பி நம்ம சந்தை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோயிட்டான்.” இதையெல்லாம் அவனே பிற்பாடு என்னிடம் சொன்னான். படம் என் கைக்கு வந்தபோது நானும் மார்க்கெட் தெரு என்றே நம்பி அச்சடித்தேன்.

அறிக்கை வெளியிட்ட அன்று நகராட்சி மண்டபத்தில் படங்களைப் பெரிதாக்கி வரிசையாக வைத்திருந்தார்கள். அக்கா சந்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் உள்ளே நுழைவதைப் பார்த்ததும் என் பக்கத்தில் நின்றிருந்த பளிச்சுக்கு முகம் செத்துப்போனது.

இடது பக்கம் தேங்கிய தண்ணீர், செங்கற்கள், அக்கா வீட்டுப் பச்சைக் கதவு. வலது பக்கம் கழுவிவிட்ட மாதிரி மார்க்கெட் தெரு. கீழே ‘மார்க்கெட் தெரு: முன், பின்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“அட, இது நம்ம சந்தாச்சே! அப்ப நமக்கும் இப்படி வரப்போகுது!” என்று பக்கத்து வீட்டுக்காரி கைதட்டினாள். எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. அக்கா படித்தாள். படித்துவிட்டுத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு நகராட்சித் தலைவரம்மா வந்தார், பின்னாலேயே என்ஜினியர். “என்னம்மா, எந்தச் சந்து?”

என்ஜினியருக்கு வேர்த்துவிட்டது. அக்கா நிதானமாகச் சொன்னாள்: “ஒண்ணுமில்லைங்க. எங்க சந்து மாதிரி இருக்குன்னு இவங்க சொல்றாங்க. இது எங்க சந்து இல்லைங்க, வேற இடம்.” பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வந்தாள். அக்கா அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தன் வீட்டுக் கதவைத் தன் கதவு இல்லை என்று ஒருத்தி சொல்லி நான் கேட்டது அன்றுதான். தலைவரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். பேசாமல் இருந்திருந்தால் பளிச்சு அத்தோடு தப்பித்திருப்பான்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்க” என்றான். “இது மார்க்கெட் தெரு இல்லைங்க. எங்க அக்கா வீட்டு வாசல். இப்பவும் இப்படியேதான் இருக்கு. தெரிஞ்சேதான் எடுத்துக் கொடுத்தேன்.” என்ஜினியர் பேரை அவன் எடுக்கவே இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். படத்தைக் கழற்றிவிட்டார்கள். தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே என்ற உறுத்தலோ என்னவோ, அடுத்த வாரமே என்ஜினியர் ஆட்களோடு அக்கா சந்துக்கு வந்து அளந்துகொண்டு போனார். இந்த வருடத் திட்டத்தில் முதல் வேலையே அதுதான். நகராட்சிப் பட வேலை வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டது. பளிச்சின் வீட்டில் பாதி நாள் அடுப்பெரிந்தது அந்த வேலையில்தான்.

ஆனால் அன்று மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது இதில் எதுவும் தெரியாது. வாசலிலேயே அக்கா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “நான்தான் இல்லைன்னு சொல்லி முடிச்சு வெச்சேனே! உன்னை யாருடா வாயைத் திறக்கச் சொன்னா?”

“உன் வாசலை நீயே இல்லைன்னு சொல்றியேக்கா” என்றான். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அக்கா அவன் சட்டையை விட்டாள். கசங்கிய இடத்தைக் கையாலேயே நீவிவிட்டாள்.

“அந்தத் தண்ணி எனக்குப் பழகிப்போச்சுடா. நீ நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கிறது பழகலை.”