மேல் துரு

திண்டிவனம் பஸ் நிலையத்தில் இறங்கும்போது படியில் கால் வழுக்கி என் மனைவி கீழே விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். ஆனால் பஸ் படியைப் பார்த்தாலே அவளுக்கு முகம் வெளிறிவிடும். எங்கள் வீடு விழுப்புரத்தில், இரண்டு பேருக்கும் வேலை திண்டிவனத்தில். அவள் ஒரு பள்ளியில் ஆசிரியை, நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். கார் வாங்கலாம் என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. புது வண்டிக்கு வழியில்லை. பழைய வண்டி என்றால் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நான் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்சு. திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கார் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். மனைவியின் ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று போன் செய்தபோது, கிரீஸ் படிந்த சட்டையோடு அப்படியே ஓடிவந்து படுத்துக் கொடுத்தவன். அன்றிலிருந்து அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அந்த உறவில் நான் அவனுக்கு மச்சான் ஆனேன்.

ஒருநாள் அவனே போன் செய்தான். "மச்சான், ஒரு வண்டி வந்துகீது. தங்கச்சி காலுக்குத் தோதான வண்டி. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

ஒரு பெரியவர் வீட்டுத் தகரக் கொட்டகையில் வெள்ளை நிறச் சின்ன கார் நின்றிருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தடியை ஊன்றிக்கொண்டு சுற்றி வந்தவள், கதவின் அடிப்பக்கம் குனிந்து விரலால் அழுத்தினாள். பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. விரலெல்லாம் செம்பழுப்பு.

"ண்ணா, இது இன்னா, அப்பளம் மாதிரி உப்பிக்கினு கீது?"

"அது மேல் துரும்மா. மழையில நின்னா எல்லா வண்டிக்கும் வர்றதுதான். தேமல் மாதிரின்னு வெச்சிக்கோ. தோலோட போயிடும். எலும்பு கெட்டியா கீதான்னு பாக்கணும், அவ்ளோதான்."

"எலும்பைப் பாத்துட்டீங்களா?"

அவன் சிரித்தான். ஒரு கோணிப்பையை விரித்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே நுழைந்தான். ஐந்து நிமிஷம் இருக்கும். வெளியே நீட்டியிருந்த அவன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "சுத்தமா கீது மச்சான். தைரியமா எடு."

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இன்னொருத்தர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடலாங்களா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "உனக்கு ரத்தம் குடுத்தவனையே சந்தேகப்படறியா?" என்றேன். ஒரு வாரத்தில் வண்டி எங்கள் வாசலுக்கு வந்தது.

நான்கு மாதம் சந்தோஷமாகத்தான் போனது. இருக்கையைப் பின்னால் தள்ளி காலை நீட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே வருவாள். மழை தொடங்கியதும் அவள் காலடியில் ஈரம் கசிந்தது. நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. அவனுக்குப் போன் செய்தேன். "ஏசி தண்ணிடா அது. சும்மா பேஜார் பண்ணாத" என்றான். அதையும் நம்பினேன்.

ஒரு காலையில் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டப்பென்று ஒரு சத்தம். மனைவி உட்கார்ந்திருந்த இருக்கை முன்பக்கமாகச் சரிந்து, கம்பி வைத்த காலின் முட்டி டேஷ்போர்டில் மோதியது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, முட்டிதான் வீங்கிவிட்டது, மூன்று வாரம் காலை அசைக்கக் கூடாது என்றார்கள். வண்டியைக் கூட்டேரிப்பட்டிலேயே ஒரு பட்டறையில் தள்ளி விட்டிருந்தேன். மறுநாள் போனேன்.

வெல்டிங் வேலை செய்பவருக்கு முப்பது வயது இருக்கும். இருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்தார். அடியில் கெட்டியாகத் தார் பூசியிருந்தது. உளியால் சுரண்டினார். தாருக்குக் கீழே ஒரு தகரத் துண்டு, நாலு இடத்தில் மட்டும் பற்றவைத்தது. அதைச் சுற்றி வண்டியின் சொந்தத் தரை ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

"யாரு சார் இந்த வேலைய செஞ்சது? சீட்டு போல்ட்டப் போயி தகரத்துல புடிச்சிகிறாங்க."

"வாங்கும்போது கதவுல துரு இருந்தது. அதைப் பாத்தே வேணான்னு சொல்லியிருக்கணுமோ?" என்று கேட்டேன்.

"கதவுத் துருவுக்கெல்லாம் பயந்தா பழைய வண்டியே வாங்க முடியாது சார். அது பொடியா வரும், தேச்சி பெயின்ட் அடிச்சா போச்சு. விரிப்பத் தூக்கிப் பாக்கணும். சீட்டு போல்ட் இருக்கற இடம், ஜாக்கி வெக்கற இடம், அங்க ஸ்க்ரூடிரைவரால குத்தனா உள்ள போவக்கூடாது. பழைய வண்டிக்கு அடியில புதுசா தார் அடிச்சிருந்தா, ஏன்னு கேக்கணும்."

சொல்லிக்கொண்டே தகரத்தை நெம்பி எடுத்துத் திருப்பிப் போட்டார். மறுபக்கம் மஞ்சள் பெயின்ட். அதில் சிவப்பு எழுத்தில் 'பார்க்க' என்று இருந்தது.

எழுத்து என்னுடையது. ஷெட் திறந்தபோது, உன் கையெழுத்துதான் அழகு என்று சொல்லி அவன் என்னை எழுதவைத்த பலகை. 'எல்லா கார்களும் பழுது பார்க்கப்படும்.' அதற்கு முந்தின வருஷம் ஃப்ளெக்ஸ் வைத்தபோது அதைக் கழற்றிவிட்டான். நான் அந்தத் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, "இன்னா சார், மயக்கமா?" என்று அவர் கேட்டார்.

நேராக மேம்பாலத்துக்குப் போனேன். ஒரு வண்டியின் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். அவனுடைய மேஜைமேல் தகரத்தை வைத்தேன். அதைப் பார்த்தான். இது என்ன என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சிக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றான்.

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு."

மெல்லச் சொன்னான். அந்தப் பெரியவர்தான் ஷெட் நிற்கும் இடத்துக்குச் சொந்தக்காரர். வண்டி பல வருஷம் மரக்காணத்தில் அவருடைய உப்பளத்து ஓரமாகவே நின்றது. உப்புக்காற்று அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டது. "காலி பண்ணு காலி பண்ணுன்னு நெருக்கிக்கினு இருந்தாருடா. வண்டிய வித்துக் குடுத்தா ரெண்டு வருஷம் இருந்துக்கோன்னாரு."

"அதுக்கு நான்தான் கெடைச்சேனா?"

"வர்றவன் எல்லாம் ஒரு மெக்கானிக்க இட்டுக்கினு வந்தான். நீ மட்டும்தான் யாரையும் இட்டுக்கினு வர மாட்ட."

அவனை அடிக்கத்தான் போயிருந்தேன். அந்தப் பதிலுக்குப் பிறகு கை எழவில்லை. "வண்டிய கொண்டா மச்சான், தரை முழுக்கப் புது ஷீட் போட்டுத் தரேன்" என்று பின்னாலேயே வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே, "நம்ம ரெண்டு பேரும் நின்னுக்கினு இருந்தோம். கீழ படுத்துக்கினு அஞ்சு நிமிஷம் இன்னாதான் பாத்துக்கினு இருந்தாரு?" என்றாள்.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. அடுத்த வருஷம் அவளுக்கு விழுப்புரத்திலேயே ஒரு பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. நான் மட்டும் பஸ்ஸில் போய் வருகிறேன். இன்றுவரை அவனிடம் பேசவில்லை.

போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் பழைய கார் வாங்கப் போவதாகச் சொன்னார். எதெதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் எனக்கு எங்க சார் புரியும்? உங்க ஃப்ரெண்டு மெக்கானிக் இருக்காரே, அவரையே இட்டுக்கினு வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவன் இப்ப பழைய வண்டி பாக்கறதில்லைங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவனைக் காப்பாற்றினேனா, அவனிடம் ஏமாந்த கதை வெளியே தெரியாமல் என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா?